மோட்டார் ஓடாத வழி

சாலை என்றதும் இன்று நம் மனக்கண்முன் நிற்பவை தாரும் சிமெண்டுமே. ஆனால், தார் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர் வழிகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டனர். ஊரோடு ஊரைச் சேர்ப்பது பெருவழி. மாட்டு வண்டி தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது வண்டிப்பாட்டை. கால் மட்டுமே அறிந்தது ஒற்றையடிப் பாதை. நீரற்ற காட்டின் ஊடே செல்வது சுரம். அன்று இவற்றில் எதிலும் மோட்டார் ஓடியதில்லை. இன்றும் மோட்டார் ஏறாத வழிகள் சில எஞ்சியிருக்கின்றன. அவற்றில் மிதிவண்டியில் செல்வது எப்படி, ஏன் செல்லவேண்டும், சென்றால் எதைக் காக்கவேண்டும் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேனாடுகளில் இது இப்பொழுது தனியொரு விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது. 'கிராவல் பைக்கிங்' என்கிறார்கள். தார் இடாத சரளைப் பாதைகளில், மலையும் காடும் சூழ்ந்த நாட்டுப்புறத்தில், நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டுவது என்பது அதன் பொருள். பந்தயம் இதில் ஒரு சிறு பகுதிதான். பெரும்பாலோர் நாடுவது ஒன்றே: முன்னும் பின்னும் மோட்டார் இல்லாத வழி.

கராடியில் தங்கிப் படிக்கும் நமக்கு இந்த நாட்டம் வியப்பாகத் தோன்றாது. முளா-முட்டா ஆற்றங்கரையில் சிற்றூராக இருந்த கராடியில் இன்று கண்ணாடி மாளிகைகள் வானை முட்டுகின்றன. மாலை ஆறு மணிக்கு நகர் ரோட்டைக் கடப்பது ஒரு தேர்வு எழுதுவதைக் காட்டிலும் கடினம். ஒரு காலத்தில் இந்தியாவின் சைக்கிள் நகரம் என்று புகழ் பெற்றது இந்தப் புனேதான் என்றால் புதிதாக வந்தவர் நம்பமாட்டார். 2018-ல் இந்நகரில் பதிவு பெற்ற மோட்டார் வண்டிகள் 36 லட்சத்தைத் தாண்டி, மக்கள்தொகையையே விஞ்சிவிட்டன. 2017-ல் மாநகராட்சி சைக்கிளுக்கென ஒரு பெருந்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும், சைக்கிள் தடம் என்று கோடு கிழித்த இடங்கள் பலவற்றில் இன்று கார்கள் ஓய்வெடுக்கின்றன. ஆகவே, நம் மாணவர்கள் மிதிவண்டியைக் கண்டு அஞ்சுவதில்லை. சாலையைக் கண்டே அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. அதற்கு மாற்று, வண்டியைத் துறப்பதன்று, வழியை மாற்றுவது.

மிதிவண்டி தாருக்குப் பிறந்த பிள்ளை அன்று

சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது ஏதோ இன்றைய நாகரிகம் என்று சிலர் கருதலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1817-ல் ஜெர்மானியரான கார்ல் டிரைஸ் இரு சக்கர வண்டியை முதன்முதல் ஓட்டிக் காட்டியபோது உலகில் தார்ச் சாலை அரிது. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தது குண்டும் குழியுமான தரையின் அதிர்ச்சியைத் தணிக்கத்தான். 1897-ல் அமெரிக்காவின் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் இருபது பேர், மொண்டானாவிலிருந்து செயின்ட் லூயி வரை ஏறத்தாழ 1,900 மைல் தொலைவை மிதிவண்டியிலேயே கடந்தனர். அவர்கள் கண்டது சேறும் மணலும் சரளையும்தான். 1955-ல் இங்கிலாந்தில், கரடுமுரடான பாதைகளை விரும்பும் மிதிவண்டிக்காரர்களுக்கென்றே ஒரு கழகம் தோன்றிற்று. கார் பெருகிச் சாலைகள் நெரியத் தொடங்கிய காலம் அது என்பதை நோக்குக. 2006-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய சரளைப் பாதைப் பந்தயம் பெரும்புகழ் பெற்றது. 2022-ல் இத்தாலியில் உலக வாகையர் போட்டியே நடந்தேறியது.

நம் நாட்டிலோ இதற்குப் பெயர் வைக்கவே இல்லை; ஏனெனில் அதுவே வாழ்க்கையாக இருந்தது. பால்காரரும் தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் வரப்பிலும் வண்டிப்பாட்டையிலும்தான் சைக்கிள் மிதித்தனர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அவர்கள் கற்றதும் பெரும்பாலும் மண் தரையில்தான்.

இங்கே ஒரு செய்தி சுவையானது. நம் பாட்டனார் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் டயர் அளவு 28 x 1½ என்று டயரின் பக்கத்திலேயே பொறித்திருக்கும். ஒன்றரை அங்குலத்தை மில்லிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 40. இன்று பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் சரளை வண்டியின் டயர் அகலம் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர்வரை. அதாவது, மேனாட்டார் சுற்றி வளைத்து இன்று வந்து சேர்ந்திருக்கும் அளவு, நம் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நின்ற வண்டியின் அளவுதான்.

டயரும் காற்றும்

அகலம் ஏன் வேண்டும்? பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் 25 அல்லது 28 மில்லிமீட்டர். அதில் காற்றை இறுக்கி அடைப்பார்கள். வழவழப்பான சாலையில் அது நன்றாகவே ஓடும். சரளையில் அது ஒவ்வொரு கல்லிலும் மோதும். மோதும்போதெல்லாம் வண்டியையும் ஏறியவரையும் சேர்த்துத் தூக்கிப் போடும். காலால் கொடுத்த ஆற்றல் முன்னே செல்லாமல் மேலும் கீழும் குலுங்கி வீணாகிறது. அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால், கல் டயருக்குள் அமுங்கும், வண்டி எழும்பாது. ஆகவே, மேடுபள்ளமான தரையில் மென்மையான டயரே விரைவானது. இது பலருக்கும் முதலில் முரணாகத் தோன்றும். ஓட்டிப் பார்த்தால் விளங்கும்.

65 கிலோ எடையுள்ள ஒருவர் 40 மில்லிமீட்டர் டயரில் சதுர அங்குலத்துக்கு 35 முதல் 45 பவுண்டு வரை காற்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மிகக் குறைத்தால், டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கிக் கிழியும். புனேயின் கிழக்கே கருவேல முள் மிகுதி. பஞ்சர் ஒட்டும் பொருள்கள், ஒரு மாற்று டியூப், கைப் பம்பு ஆகிய மூன்றும் இன்றிப் புறப்படுவது குடமின்றிக் கிணற்றுக்குப் போவதாகும்.

ஏற்றமும் பற்சக்கரமும்

அடுத்தது மலை ஏற்றம். பெடலோடு சேர்ந்த பற்சக்கரத்தில் 44 பற்களும், பின்சக்கரத்தில் 18 பற்களும் உள்ள ஒரு சாதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். சமவெளிக்கு அது நல்லது. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டுமானால், அவ்வண்டியில் நிமிடத்துக்கு 18 சுற்றுத்தான் மிதிப்போம். ஒவ்வொரு மிதியும் ஒரு மூட்டையைத் தூக்குவது போன்றிருக்கும், முழங்கால் நொந்துபோகும்.

முன்னே 30 பற்களும் பின்னே 34 பற்களும் உள்ள கியரில் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டு மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே நகரும். அதே ஏற்றத்தை அதே வேகத்தில் கடக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 51 சுற்று மிதிக்கவேண்டும். மொத்த உழைப்பில் மாற்றமில்லை. வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று கொண்டால், இரண்டிலும் செலவாவது ஏறக்குறைய ஒரு குதிரைத் திறனில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால், அதே சோற்றைப் பெரிய உருண்டையாக விழுங்குவதற்கும் சிறு சிறு கவளமாக உண்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே உண்டு. கியரின் பயன் இதுவே. அது வலிமையைத் தருவதில்லை, வலிமையைப் பங்கிட்டுத் தருகிறது.

ஏற முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவது இழுக்கன்று. இறக்கத்தில் காட்டும் வீரமே ஆபத்தானது. சரளையில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, இரண்டு பிரேக்கையும் மெல்ல மெல்லப் பிடிக்கவேண்டும். பாட்டனார் வண்டியின் கம்பிப் பிரேக் சமவெளிக்குப் போதும். மலை இறக்கத்துக்குப் போதாது. மலைக்குச் செல்பவர்க்குக் கியரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள வண்டி வேண்டும். தலைக்கவசம் எங்கும் வேண்டும்.

கராடியிலிருந்து மூன்று வழிகள்

நிற்க. இவ்வளவும் தெரிந்து, செல்வதற்கு இடம் இல்லையேல் என்ன பயன்? இடம் உண்டு. புனே இருப்பது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு படிந்து உறைந்த பீடபூமியில். அந்தக் கருங்கல் வெயிலிலும் மழையிலும் சிதைந்து பழுப்புச் சரளையாகிறது. மராத்தியர் அதனை 'முரூம்' என்பர். பருக்கைக் கல் நிறைந்த வன்னிலத்துக்குத் தமிழில் 'முரம்பு' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. காதுக்கு இரண்டும் உறவினர் போல ஒலிக்கின்றன.

முதல் வழி, பழகுநர்க்கு உரியது. முந்த்வாப் பாலத்தில் ஆற்றைக் கடந்து, மாஞ்சரி வழியாகத் தேயூர் நோக்கிச் செல்வது. கரும்புத் தோட்டங்களின் ஊடே வண்டிப்பாட்டைகள் பிரிந்து பிரிந்து செல்கின்றன. தேயூர், அட்டவிநாயகத் தலங்கள் எட்டில் ஒன்று. பேஷ்வா முதலாம் மாதவராவ் 1772-ல் உயிர் நீத்த ஊரும் அதுவே. அதற்குத் தெற்கே, லோணிப் பக்கமாக, கடக்வாஸ்லா அணையின் நீரைக் கிழக்கே கொண்டு செல்லும் முட்டா வலதுகரைக் கால்வாய் ஓடுகிறது. கால்வாய் நீர் தானாக ஓடவேண்டுமாதலால், மேட்டையும் பள்ளத்தையும் தவிர்த்து ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து வெட்டுவார்கள். ஆகவே, கால்வாய்க் கரைப் பாதை ஏற்ற இறக்கமின்றி இருக்கும். புதியவர்க்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. தடைப் பலகை உள்ள இடத்தில் மட்டும் திரும்பிவிடுக.

இரண்டாவது வழி, ஒரு முழு நாளைக் கொள்வது. யவத் ஊருக்கு அருகே குன்றின்மேல் உள்ள புலேஷ்வர் கற்கோயிலை நோக்கியது. இப்பக்கத்தில் மரக்காடு இல்லை, புல்வெளியே காடு. காடு என்றால் மரம் என்றே நினைப்பவர்கள் முல்லைத் திணையை மறந்தவர்கள். சூபே ஊருக்கு அருகே உள்ள மயூரேஷ்வர் சரணாலயம், சிங்காரா எனப்படும் சிறு மானுக்காக 1997-ல் ஏற்பட்டது. தங்கர் குலத்து இடையர்கள் இன்றும் ஆட்டுக் கிடையோடு இந்நிலத்தில் நடந்து செல்வதைக் காணலாம்.

மூன்றாவது வழி, மேற்கே சஹ்யாத்திரிக்கு. சஹ்யாத்திரி வேறு யாருமல்லர். குற்றாலத்துக்கும் பொதிகைக்கும் வடக்கே நீண்டு கிடக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையே அது. முள்ஷி, பான்ஷேத் நீர்த்தேக்கங்களைச் சுற்றியும், தாம்ஹிணிக் கணவாயை ஒட்டியும் மலையும் காடும் செறிந்துள்ளன. நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை; தாம்ஹிணியிலோ 5,000 மில்லிமீட்டருக்கும் மேல். தாம்ஹிணி நெடுஞ்சாலையில் விடுமுறை நாட்களில் கார்கள் நெருக்கும். நீர்த்தேக்கத்தின் பின்புறத்துச் சிற்றூர்களைச் சேர்க்கும் பாதைகளிலோ மணிக்கணக்கில் ஒரு வண்டியும் எதிர்ப்படாத இடங்கள் உண்டு.

அந்த அமைதிக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது என்பதையும் நாம் அறிந்திருக்கவேண்டும். முள்ஷி ஏரி இயற்கை ஏரி அன்று. மின்சாரத்துக்காக டாட்டா நிறுவனம் கட்டிய அணை அது. தம் நிலம் மூழ்குவதை எதிர்த்து 1921 முதல் 1924 வரை உழவர்கள் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்தனர், தோற்றனர். வயல்களும் வழிகளும் நீருக்குள் போயின. கரையில் எஞ்சிய பாதை இன்று அமைதியாக இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அவ்வழியில் செல்பவர் அழகை மட்டும் கண்டு திரும்பினால், பாதியைத்தான் கண்டார்.

காலமும் ஒழுக்கமும்

செல்லத்தக்க காலம் மழை ஓய்ந்த ஐப்பசி முதல் மாசி வரை. மழைக்காலத்தில் மேற்கே பாறைகள் சரியும். கிழக்கே கரிசல் மண் சக்கரத்தைக் கவ்வும். கரிசல் மண்ணின் பிடிவாதத்தைக் கோவில்பட்டிப் பக்கத்து மாணவர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

மலைவழிச் செல்வோர்க்கு எச்சரிக்கை கூறும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் நூல். வழுக்கும் பாறை எங்கே, பாம்பு உறையும் இடம் எது, தினைப்புனக் காவலரின் கவண்கல் எங்கே வந்து விழும் என்றெல்லாம் அது எடுத்துச் சொல்கிறது. அதன் முறையைப் பின்பற்றி நாமும் சில சொல்லலாம்.

தனியே செல்லற்க, மூவராகச் செல்க. ஒருவர் விழுந்தால் ஒருவர் துணை இருக்க, மற்றவர் உதவி தேடலாம். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் விடுதியில் ஒருவரிடம் சொல்லிச் செல்க. மலை மடிப்புகளில் கைப்பேசி ஊமையாகிவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொள்க.

இடையரின் நாய்கள் துரத்தினால் விரைந்து ஓட்டற்க. இறங்கி, வண்டியை நடுவே வைத்து, மெல்ல நடந்து செல்க. ஆடுமாடு எதிர்ப்பட்டால் நின்று வழிவிடுக. அது அவற்றின் சாலை. ஊரார் எதிர்ப்பட்டால் 'ராம் ராம்' என்று வணக்கம் சொல்லுக. நமக்குத் தெரிந்த மராத்தி நான்கு சொல்லே ஆயினும், அந்த இரண்டு சொல் பல கதவுகளைத் திறக்கும். விளைந்த நிலத்தின் ஊடே வண்டியை ஓட்டற்க. சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கொண்டுபோன காகிதமும் பாட்டிலும் நம்முடனே திரும்பி வரவேண்டும்.

தார் வேண்டுமா, வேண்டாவா?

இறுதியாக ஒரு கேள்வி. நமக்கு இன்பம் தருகிறது என்பதற்காகக் கிராமத்துப் பாதைகள் என்றும் மண்ணாகவே கிடக்கவேண்டுமா? அப்படிச் சொல்ல நமக்கு உரிமையில்லை. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், கறந்த பால் கெடுமுன் சந்தைக்குச் செல்லவும் ஊருக்கு ஒரு நல்ல சாலை வேண்டும். ஞாயிறன்று வந்து போகும் நாம் அதைத் தடுத்துப் பேசுவது அறமாகாது.

ஆனால், ஊருக்கு ஒரு சாலை வேண்டும் என்பது வேறு. எல்லா வழியும் மோட்டாருக்கே வேண்டும் என்பது வேறு. கால்வாய்க் கரையும், காட்டுக் காவலர் நடக்கும் தடமும், குன்றின்மேல் ஏறும் ஒற்றையடிப் பாதையும் மோட்டாருக்கு உரியவை அல்ல. நகருக்குள்ளேயே உள்ள வேதாள் டெக்டிக் குன்றில், பாலபாரதியிலிருந்து பௌட் பாட்டா வரை சாலை போடும் திட்டத்தை எதிர்த்து 2023-ல் புனே மக்கள் திரண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அக்குன்றில் நாள்தோறும் நடந்து பழகியவர்கள். பழகிய கால்தான் ஒரு வழிக்காகப் பேசும். யாரும் நடக்காத வழி, யாரும் அறியாமலே மனையாகவும் குப்பை மேடாகவும் மாறிவிடுகிறது. பெயர் தெரிந்த வழிக்கே வழக்காட ஆள் உண்டு.

ஆதலின், நம் மாணவர் செய்யக்கூடிய தொண்டு ஒன்று உண்டு. விலையுயர்ந்த வண்டிக்காகக் காத்திருக்க வேண்டா. உள்ள வண்டியின் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து, ஒரு ஞாயிறு விடியலில் மூவராகத் தேயூர் நோக்கிப் புறப்படுவது போதும். சென்ற வழியைக் குறித்து வைப்பது, நல்ல நீர் கிடைக்கும் இடத்தையும் முள் மிகுந்த இடத்தையும் எழுதுவது, அடுத்த ஆண்டு வரும் மாணவர்க்கு அதைக் கொடுப்பது ஆகியவையும் இத்தொண்டில் அடங்கும். கண்டு வந்தவர் காணப் போகிறவர்க்கு வழி சொல்வதைத்தான் நம் முன்னோர் ஆற்றுப்படை என்றனர். மன்றத்துப் பலகையில் அப்படி ஒரு வழிப்படம் தொங்குமானால், ஊரைவிட்டு வந்த தமிழ் மாணவர் இந்த மண்ணை வாடகை அறையின் சன்னல் வழியே மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகமாட்டார்.